ஆறரைக்கு இருட்டிவிடும்: பிள்ளைகளோடு கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு

கேம்பிங்கில் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு என்று இணையத்தில் தேடினால் வருகிற பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கோடைக்கு எழுதப்பட்டவை. அங்கே இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் நிற்கும். இங்கே இலங்கையில் நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்னரே சூரியன் விழுந்துவிடும், ஜூலையில் ஆறரைக்கு. வருடம் முழுவதற்கும் அவ்வளவுதான் வித்தியாசம். விழுந்து அரை மணிக்குள் கும்மிருட்டு. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ மாடிவீட்டில் வளர்கிற பிள்ளை ஒன்பதரைக்கு முன் படுக்காது. ஆக மூன்று மணித்தியாலத்தை இருட்டில் கழிக்க வேண்டும். போதாததற்கு, ஏப்ரல் விடுமுறையிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் திரும்பினால் இடிமழை.

ஆகவே மழை கொட்டும் பிற்பகலுக்கும் இருட்டிய பிறகான மூன்று மணிக்கும் மட்டும் ஆயத்தமாகப் போங்கள். காலை ஒன்பது மணிக்கு, ஆறும் மரமும் இருக்கிற இடத்தில், பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒழுங்குபடுத்துவது வீண் வேலை. அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எங்கே, எந்த நாள்

முதல் தடவை போகிறவர்கள் கொழும்பிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தை எடுக்காமல் இருப்பது நல்லது. கித்துள்கலை ஏறத்தாழ 90 கிலோமீற்றர். பெலிஹுல்ஓயா அதைவிட நன்றாகத் தூரம், ஆனால் இடம் திறந்தவெளி. ஹோட்டன் சமவெளி அழகுதான், ஆனால் 2,100 மீற்றர் உயரம். இரவுக் குளிரில் கொழும்புப் பிள்ளை நடுங்கும். அங்கே தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகவும் நேரம் எடுக்கும், மாலையில் பசியோடு நிற்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. அதை இரண்டாம் மூன்றாம் பயணத்துக்கு வையுங்கள். எங்கே போனாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் இடமா, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் இடமா, தனியார் காணியா என்று பார்த்து, தீ மூட்டலாமா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கீழே சொல்வதில் பாதி அந்த ஒரு பதிலில் தங்கியிருக்கிறது.

போயாவோடு சேர்ந்த நீண்ட வார இறுதிதான் எல்லோருக்கும் வசதி. ஆனால் அன்று முழுநிலவு, நட்சத்திரம் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் தெரியும். வானம் பார்க்க வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிய வாரம். போயாவில்தான் போக முடியும் என்றால் நிலவொளி விளையாட்டுக்களைத் திட்டமிடுங்கள், கோழியை முதல்நாளே வாங்கிவிடுங்கள். போயாவன்று இறைச்சிக்கடை திறக்காது.

பின்னேரம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். நான்கு மணிக்குப் போய், மழையில் கூடாரம் அடித்து, பசியில் அழுகிற பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவது யாராலும் முடியாது. கூடாரத்தை முந்திய வாரமே மொட்டை மாடியிலோ வரவேற்பறையிலோ ஒருமுறை விரித்துப் பார்த்தால், எந்தத் தடி எந்தத் துளைக்கு என்பது பிள்ளைக்கும் தெரிந்துவிடும். பிறகு முளைகளை எண்ணி எடுத்துக் கொடுப்பது, மறுநாள் அதே எண்ணிக்கையில் திரும்ப ஒப்படைப்பது இரண்டும் அதன் பொறுப்பு. முளை தொலைவதும் குறையும்.

மழைப் பிற்பகல்

கூடாரத்துக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் அரை மணியில் சண்டை வரும். கூடாரத்தைவிட முதலில் கட்ட வேண்டியது தறப்பாள். 3க்கு 4 மீற்றர் அளவு ஒரு குடும்பத்துக்குப் போதும். புறக்கோட்டை, பழைய சோனகத் தெருப் பக்கம் 6 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 20 மீற்றரும் சேர்த்து வாங்குங்கள். இரண்டு மரத்துக்கிடையே கயிற்றை இழுத்து, அதன்மேல் தறப்பாளைப் போட்டு, ஒரு பக்கத்தை மற்றதைவிட முழங்கையளவாவது தாழ்த்திக் கட்ட வேண்டும். தட்டையாகக் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. நடுவில் தண்ணீர் தேங்கி, பை மாதிரித் தொங்கி, ஒரு மூலைக் கண் கிழிந்து எல்லோர் தலையிலும் ஊற்றும்.

ஏன் கிழிகிறது என்பதையே, ஒரு மழைமானி செய்து, விளையாட்டாக்கலாம். ஒன்றரை லீற்றர் போத்தலில் இடுப்பு ஒடுங்காமல் நேராக இருப்பதை எடுத்துக் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக அதிலேயே புனல்போலச் சொருகி, வெட்டிய விளிம்பை ரேப்பால் ஒட்டுங்கள். அடியில் நாலைந்து கூழாங்கல் போட்டால் காற்றுக்கு விழாது. போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால், நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு போட வேண்டும். அதிலிருந்து மேலே அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி தயார். பூச்சியம் போடாமல் அடியிலிருந்தே அளந்தால் கணக்குப் பிழைக்கும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். தறப்பாள் 12 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் பெய்தால் 120 லீற்றர், அதாவது 120 கிலோ, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தறப்பாளில் ஏறிப் படுத்த மாதிரி. ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போடும். தாழ்ந்த பக்கம் வழிகிற தண்ணீரை வாளியில் பிடித்தால் பாத்திரம் கழுவ ஆகும்.

இடி தொடங்கினால் எண்ணச் சொல்லுங்கள். மின்னல் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே வந்தால் விளையாட்டு முடிந்தது, எல்லோரும் வாகனத்துக்குள். கூடாரமும் தறப்பாளும் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை, தனிமரத்தடி அதைவிட மோசம். கடைசி இடி கேட்டு அரை மணி கழிந்த பிறகே இறங்க வேண்டும். அந்த அரை மணியைப் பிள்ளைகள் நேரம் பார்த்துச் சொல்லட்டும். பெரியவர்கள்தான் பொறுமையிழந்து முதலில் இறங்குவார்கள்.

இடியில்லாத வெறும் மழைக்குத் தறப்பாளின் கீழே கொக்கான் வெட்டலாம், ஐந்து புளியங்கொட்டை போதும். ஈரமான கூழாங்கல் வழுக்கும், கொட்டைதான் சரி. நாயும் புலியும் விளையாட வீட்டிலேயே ஓர் அட்டையில் கட்டம் கீறி எடுத்துப் போங்கள். சீட்டுக்கட்டு வேண்டாம். ஈரக் காற்றில் ஒட்டிக்கொண்டு எரிச்சலாகும்.

மழை விட்டதும் கமுகம் மட்டை. கித்துள்கலைப் பக்கம் விழுந்து கிடக்கிற மட்டைகளுக்குக் குறைவில்லை. அகலப் பக்கத்தில் சின்னப் பிள்ளையை இருத்தி ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்தால் ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு போகும். நன்றாகக் காய்ந்த மட்டை வெடித்துத் தொடையைக் கீறும். அப்படியானதை இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு எடுங்கள். இறக்கத்தில் இழுக்கக் கூடாது, சமதரையில் மட்டும்.

ஆற்றில்

ஆற்றில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு வேலை மட்டும் கொடுங்கள். கரையோரம், நீர் தொடுகிற இடத்தில் ஒரு தடியை நட்டு, நீர்மட்டத்தில் கத்தியால் வெட்டுப் போடுங்கள். அதன் மேல் ஒவ்வொரு விரலகலத்துக்கும் ஒரு வெட்டு. பத்து நிமிடத்துக்கொருமுறை ஒரு பிள்ளை போய்ப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டு விரல் ஏறினால், அல்லது தண்ணீர் மண்ணிறமாகிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், யாரையும் கேட்காமல் விசில் ஊத அந்தப் பிள்ளைக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறிக்கும்போதே மலையில் மழை பெய்திருக்கலாம். கித்துள்கலையில் களனி கங்கைக்கு மேலே நீர்மின் அணைகளும் இருக்கின்றன. வானத்தைப் பார்த்து ஆற்றை அளக்க முடியாது.

குளிக்கும்போது கை எட்டுகிற தூரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல். இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, ‘இனி நீங்கள்’ என்று சொல்லி ஒப்படைத்தால்தான் முறை மாறியதாகக் கணக்கு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தணல்

தீ மூட்ட அனுமதியுள்ள இடமென்றால் விறகை அங்கே தேடாதீர்கள், மழைக்காட்டில் காய்ந்த விறகு கிடைக்காது. காப்புக்காடென்றால் எடுப்பதும் குற்றம். வீட்டில் ஒரு மாதம் சேர்த்த தேங்காய்ச் சிரட்டையும் பொச்சும் ஓர் உரப்பையில் போதும். பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த தென்னம் பாளையும்போல எதுவும் இல்லை. அடுப்புக்கு ஆற்றிலிருந்து கல் எடுக்கக் கூடாது. உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். கணு வெட்டாத மூங்கிலும் அப்படித்தான். கூடாரத்திலிருந்து ஆறேழு மீற்றர் தள்ளி, காற்று கூடாரத்துப் பக்கம் வீசாத திசையில் மூட்டி, சுற்றிவர ஒரு மீற்றர் தூரத்தில் சாம்பலால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் ஒருவர் கம்பு பிடிக்கும்போது மற்றவர் ஓடக்கூடாது. ஒரு வாளி தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஏற்ற சமையல் கம்பு ரொட்டி. வீட்டிலேயே 500 கிராம் கோதுமை மா, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து போத்தலில் அடைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் அரைத் தேங்காயின் பூவைச் சேர்த்து, 250 மில்லிலீற்றர் தண்ணீரில் முக்கால் பங்கை முதலில் ஊற்றிப் பிசையுங்கள். மீதியைத் தேவைக்குத் தெளித்தால் போதும். தேங்காய்ப்பூவின் ஈரம் ஒவ்வொரு தேங்காய்க்கும் வேறு. கையில் ஒட்டாத பதம் வந்ததும் இருபது நிமிடம் மூடி வைத்தால் பன்னிரண்டு பதின்மூன்று உருண்டை வரும். ஒவ்வொன்றையும் சின்னவிரல் தடிப்புக்குத் திரித்து, பெருவிரல் தடிப்பான கம்பில் இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். கம்பு ஒரு மீற்றர் நீளமாவது இருந்தால்தான் பிள்ளையின் முகத்தில் சூடு அடிக்காது.

கம்பு விடயத்தில் கவனம். வழியில் கண்ட செடியை முறிக்கக் கூடாது. அலரி நஞ்சு, அதன் கம்பில் சுற்றிச் சுட்டதைச் சாப்பிடக் கூடாது. பட்டை உரித்த கறுவாத் தடி கிடைத்தால் வாசமும் சேரும். இல்லையென்றால் வீட்டிலிருந்தே மூங்கில் பிளாச்சு கொண்டு போங்கள்.

சுடும் இடத்தில் வருகிற பிழை எப்போதும் ஒன்றுதான்: சுவாலையில் பிடிப்பது. வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். சுவாலை அடங்கிச் சிரட்டைத் தணல் சிவந்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு, ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். ரொட்டி கம்பிலிருந்து தானாகக் கழன்றால் வெந்துவிட்டது, ஒட்டினால் இன்னும் வேண்டும். ஐந்து வயதுக்குப் பதினைந்து நிமிடம் பொறுக்காது, அவர்களுக்குப் பாதி உருண்டையைக் கொடுத்து மெல்லியதாகச் சுற்றுங்கள். பெரியவர்களுக்குக் கட்டைச் சம்பல், சின்னவர்களுக்குக் கழன்ற துளைக்குள் பனங்கட்டித் தூள்.

தணல் விழத் தொடங்கியதும் நடுத்தர வற்றாளங்கிழங்குகளைச் சுடுசாம்பலுக்குள் புதைத்துவிட்டால் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் பதமாகும். ஈர்க்கு தடையில்லாமல் இறங்க வேண்டும். மிச்சச் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். குரங்கு கிழிக்கும். யானை நடமாடும் பக்கமென்றால் ஒரு சீப்பு வாழைப்பழமே வினை. எல்லாம் வாகனத்துக்குள் போகட்டும்.

இருட்டு

இருட்டைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைக்கு முதல் ஒரு மணித்தியாலம் வெளிச்சத்தோடு விளையாடக் கொடுங்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றை இரண்டு மரத்துக்கிடையே சுருக்கமில்லாமல் கட்டி, பின்னால் ஒன்றரை இரண்டு மீற்றரில் டோர்ச்சை வைத்தால் நிழற்கூத்து. ஏழெட்டு எல்.ஈ.டி. குமிழ் உள்ள டோர்ச் உதவாது, ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு நிழல் விழுந்து கலங்கும். இதற்கு போனின் ஒற்றை விளக்கே மேல். உருவம் விரிப்புக்குக் கிட்ட வந்தால் கூர்மையாகவும் சின்னதாகவும், விளக்குக்குக் கிட்டப் போனால் பெரிதாகவும் மங்கலாகவும் தெரியும். பேய் வேண்டுமா நரி வேண்டுமா என்பதைப் பிள்ளை தூரத்தை வைத்தே தீர்மானிக்கும். பிசுக்கோத்துப் பெட்டி அட்டையில் வெட்டிய உருவங்களை ஈர்க்கில் ஒட்டிக் கொண்டு போங்கள். முடிந்ததும் அதே விரிப்பின் முன்பக்கம் விளக்கைத் திருப்பி அரை மணி விட்டால் விட்டில்கள் வந்து ஒட்டும். எண்ணலாம், படமெடுக்கலாம், பிடிக்கக் கூடாது.

அடுத்தது காவற்காரன். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடுவில் இருப்பார், முன்னால் ஒரு சிரட்டை, கையில் அணைத்த டோர்ச். மற்றவர்கள் பத்து மீற்றரிலிருந்து சத்தமில்லாமல் வந்து சிரட்டையை எடுக்க வேண்டும். சத்தம் கேட்ட திசைக்குக் காவற்காரன் டோர்ச் அடித்து, வெளிச்சம் பட்டவர் வெளியே. இதை வெளிச்சம் இருக்கும்போதே கூட்டித் துப்புரவாக்கிய தரையில் மட்டும் விளையாடுங்கள், எல்லோரும் மூடிய சப்பாத்தோடு. சருகுக்குள் விரியன் கிடக்கும். தப்பித் தவறிக் கடித்தால் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். அசையாமல் வைத்து 1990 அம்புலன்சுக்கு அழைத்து, அரச வைத்தியசாலைக்குப் போவதுதான் வழி.

எட்டு மணிக்கு எல்லா விளக்கையும் அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும், ஒருவர் ஒருமுறை போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. நடமாட ஒரு டோர்ச் மட்டும், அதன் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பாக ஒட்டி.

ஏப்ரலில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாக எழுந்து நிற்கும். அதன் வாலின் நடு நட்சத்திரம் வசிட்டர், அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. கலியாண வீட்டில் பட்டப்பகலில் ஐயர் காட்ட, எல்லோரும் கண்டதாகத் தலையாட்டுகிற அதே அருந்ததியை இங்கே உண்மையாகவே காணலாம். யாருக்கு முதலில் பிரிந்து தெரிகிறது என்பது நல்ல போட்டி. அதே மாதம் பத்து மணிக்குப் பின் தெற்கே தென்சிலுவை. ஓகஸ்டில் தெற்கு வானில் விருச்சிகம் கொடுக்கோடு முழுசாகத் தெரியும், நெஞ்சில் சிவந்திருப்பது கேட்டை. ஆனால் அந்த மாதம் கித்துள்கலையில் முகில்தான் மிஞ்சும், கிழக்குப் பக்கம் போகிறவர்களுக்கே வாய்ப்பு. டிசம்பரில் ஒன்பது மணியளவில் உச்சிக்குக் கிட்ட கார்த்திகைக் கூட்டம், கீழே ரோகிணி, அதற்கும் கிழக்கே திருவாதிரை. டிசம்பர் 13, 14 இரவுகளில் எரிகற்களும் விழும். பிள்ளையின் பிறந்த நட்சத்திரம் என்ன என்று அம்மம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள். சாதகத்தில் எழுதிய பெயர் மேலே மினுங்குவதைக் கண்டால், விளக்கைப் போடு என்று அடம்பிடிக்கிற பிள்ளையும் அண்ணாந்து படுத்துவிடும். துருவ நட்சத்திரத்தைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நமது நாட்டில் அது அடிவானத்திலிருந்து ஆறு முதல் பத்துப் பாகைதான், மலையோ மரமோ மறைத்துவிடும்.

விடிந்தபின்

ஆற்றங்கரை ஈரமணலில் வந்துபோனவர்களின் தடம் இருக்கும். வாலை இழுத்த கோட்டோடு உடும்பு, மூன்று விரலோடு மயில், சிலவேளை கீரி. அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவரலாம். இரண்டு கோப்பை பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ், ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீர். தண்ணீருக்குள் தூளைத் தூவிக் கலக்க வேண்டும், தூளுக்குள் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். தடத்தைச் சுற்றி நாலு சென்ரிமீற்றர் உயர அட்டை வளையம் பதித்து, தடத்தின்மேல் நேரே ஊற்றாமல் ஓரத்தில் ஊற்றி ஓடவிடுங்கள். கொழும்பில் அரை மணியில் இறுகுவது ஈரக் காட்டில் ஒரு மணி எடுக்கும். எடுத்ததும் மணலைத் துடைக்கப் பிள்ளை பறக்கும். விடாதீர்கள், விளிம்பு உதிரும். பத்திரிகைத் தாளில் சுற்றி, மறுநாள் வீட்டில் பழைய பல்துலக்கியால் தட்டட்டும். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும், ஆகவே பிள்ளையின் கையையோ காலையோ அதற்குள் வைத்து அச்செடுக்கக் கூடாது. வாங்கி ஒரு வருடம் கிடந்த பிளாஸ்டர் நமது ஈரக்காற்றில் கெட்டிருக்கும், இறுகாது. வீட்டில் ஒரு தேக்கரண்டியைக் கலந்து பார்த்துவிட்டே கொண்டு போங்கள். மிஞ்சியதை ஆற்றில் கழுவாமல் பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அட்டை கடித்திருந்தால் அலற வேண்டாம். உப்பையோ நெருப்பையோ வைத்தால் அது வயிற்றிலுள்ளதைக் காயத்திலேயே கக்கும். மெல்லிய முனைதான் வாய், நகத்தை அதற்கடியில் சரித்துத் தள்ளினால் விட்டுவிடும். காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசியிருந்தால் பாதி ஏறாது. எத்தனை அட்டை கழற்றினோம் என்று பிள்ளைகள் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பெருமையடிப்பார்கள், எண்ணிக்கையை நீங்கள் திருத்தாமல் இருந்தால் சரி.